கோத்தகிரியில் ஒத்திகை... அப்புத்தளையில் சவாரி!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. திருச்சி ரோட்டில், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஏழெட்டு சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட். அந்த வரிசையில் காலேஜ் பையனும் இருப்பான். "சுகர் பார்டர்ல இருக்குதுங்க" என்று போன மாதம் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்த அப்பாவும் இருப்பார்.

பாதிப் பேரிடம் இருப்பது மலைப்பாதைக்கென்றே செய்த எம்.டி.பி. சைக்கிள். பட்டையான டயர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், அடுக்கடுக்காக கியர். ஆனால், பாவம்... அந்த வண்டிகளில் பல இதுவரை ஏறி இறங்கிய பெரிய மலை, ஸ்பீட் பிரேக்கர்தான்!

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ரோடுகளில் மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு சைக்கிள் கூட்டம் அலைமோதும். ஹேண்டில்பாரில் தூக்குப்போசி தொங்கும். அது பிழைப்புக்கு மிதித்த மிதி. இன்றைக்கு மிதிப்பது உடம்புக்கும் சந்தோஷத்துக்கும். இந்த வித்தியாசம் கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கட்டும், மலைக்குப் போனதும் தேவைப்படும்.

வாங்கிய சைக்கிளை ஒருதரமாவது நிஜமான மலையில் ஓட்டிவிட வேண்டும், அதுவும் லீவு போட்டு, கடல் தாண்டி, அழகான ஒரு தீவில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு பாலி, நியூசிலாந்து என்று யூடியூப் வரிசைகட்டிக் காட்டும். ஆனால் மலை, தேயிலை, அருவி, மண் பாதை, கூடவே தமிழ் பேச்சு எல்லாம் கிடைக்கிற தீவு பக்கத்திலேயே இருக்கிறது. சிங்காநல்லூரில் திருச்சி பஸ் ஏறி, திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி விமானம் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. விமானம் இறங்குகிற கட்டுநாயக்கவிலிருந்து கண்டிக்கு மூன்று, நான்கு மணி நேர வண்டிப் பயணம். அங்கிருந்து இலங்கையின் மலையகம் ஆரம்பம்.

எம்.ஜி.ஆர். பிறந்தது அந்தக் கண்டிச் சீமையின் நாவலப்பிட்டியில், 1917-ல். முத்தையா முரளிதரன் வளர்ந்ததும் கண்டியில்தான்; அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டியவர். ஆக, அது கோவைக்காரருக்கு முழுக்க அந்நிய ஊர் இல்லை.

ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒத்திகை ஒன்று உண்டு. கோவை இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில். நுவரெலியா 1,868 மீட்டர். அப்புத்தளை சுமார் 1,430 மீட்டர். சமவெளியில் மாதக்கணக்காக ஐம்பது கிலோமீட்டர் மிதித்தவர்கூட, முதல் ஏற்றத்தில் இரண்டு வளைவுக்குள் வாயால் மூச்சு வாங்குவார். அதனால் முதலில் மேட்டுப்பாளையம் போய், கோத்தகிரி ரோட்டில் ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏற்றம். அதை நிறுத்தி நிறுத்தியாவது ஏறிவிட்டவருக்கு இலங்கை மலை பயம் காட்டாது. பலாப்பழ சீசனில் மட்டும் குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். அந்த மாதங்களில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஏறுவது உத்தமம். நாமக்கல் பக்கத்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கவே இருக்கின்றன.

ஏறுவதற்கு வேண்டியது பொறுமை. மேடு வந்த பிறகு கியர் மாற்றினால் செயின் கடகடவென்று அலறும். மேடு வருவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். கால் மெதுவாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். முன்னால் போகிறவனை முந்த நினைக்கக் கூடாது. ஏறுவதற்கு இவ்வளவு போதும். தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இறக்கத்தில்தான் இருக்கிறது.

மலையில் சைக்கிள் ஓட்டி அடிபடுகிற புதியவர்களில் அநேகம் பேர் விழுவது இறங்கும்போதுதான். ஏறி முடித்த களைப்பு, எதிர்க்காற்றின் சுகம், 'இனி மிதிக்க வேண்டாம்' என்கிற நிம்மதி... இவை மூன்றும் சேர்ந்தால் கவனம் போய்விடும். புதிதாக ஓட்டுகிறவர் பயத்தில் பிரேக்கைப் பிடித்தது பிடித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் வருவார். டிஸ்க் கொதிக்கும், பிரேக் கட்டை தேய்ந்து வழுக்கும், விரல்கள் மரத்துப்போகும். கடைசியில் உண்மையிலேயே நிறுத்த வேண்டிய இடத்தில் பிடி இருக்காது. வளைவுக்கு முன்னால், நேர் பாதையில் இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். ஆனால் சரளைக்கல்லிலும் நனைந்த இலையிலும் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்விடுவார்.

இறங்குவதற்கு முன் சீட்டை இரண்டு அங்குலம் தாழ்த்திக்கொண்டால் உடம்பைப் பின்னால் தள்ள இடம் கிடைக்கும். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். ஒன்று கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கண். பாதையில் கிடக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தால், வண்டி நேராக அந்தக் கல்லுக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே போகும்.

டயர் காற்றும் கவனிக்க வேண்டிய விஷயம். தார் ரோட்டில் 45, 50 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறவர், மண் பாதையில் உடல் எடைக்கு ஏற்ப 30, 35 வரை இறக்கலாம். டயர் தரையைக் கவ்வும், இடுப்பும் நன்றி சொல்லும். ட்யூப் போட்ட டயரில் ரொம்பவும் குறைத்தால் கல்லில் மோதி ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

சொந்த சைக்கிளையே பெட்டி கட்டி எடுத்துப் போகிறவர் பெடலைக் கழற்ற வேண்டியிருக்கும். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு இறுக்கிவிட்டு, "துருப் புடிச்சுக்கிச்சுங்க" என்று லேத் பட்டறைக்கு ஓடியவர்கள் கோவையில் இல்லாமலா இருப்பார்கள்! அங்கேயே வாடகைக்கு எடுப்பதானால், எல்ல, நுவரெலியா போன்ற சுற்றுலா ஊர்களில் சைக்கிள் கிடைக்கும். வண்டியின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். பிரேக் கட்டையின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

கோத்தகிரி ஒத்திகையில் இன்னொன்றும் கண்ணில் படும். நீலகிரித் தோட்டங்களுக்கு நடுவே 'டான்டீ' என்று பெயர்ப் பலகை. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது தேயிலைத்தூள் பாக்கெட்டில் பார்த்த பெயர். உண்மையில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் வனத்துறை மூலம் ஆரம்பித்த திட்டம் அது. 1976-ல் கழகமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று பரவிய தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகள், அதற்கு முன்பு இலங்கை மலைகளில் கொழுந்து பறித்த கைகள்.

காரணம், 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று காகிதத்தில் பிரித்தார்கள். மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஏற்கெனவே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்தவர்கள் அவர்கள். உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று அவர்களை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு இந்த எண்களைப் போடவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அக்கா பதுளையில், தங்கச்சி பந்தலூரில் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நீலகிரியில் 'சிலோன்காரங்க' என்றார்கள். அங்கே இருந்தவரை அவர்களுக்குப் பெயர் 'இந்தியாக்காரர்'.

கோவைக்காரரின் ஒத்திகை மலையும் விடுமுறை மலையும் இப்படி ஒரே கதையின் இரண்டு துண்டுகள்.

இப்போது அந்தக் கரைக்குப் போகலாம். சில வருடங்களாக மலையகத்தில் பேசப்படுகிற பெயர், பெக்கோ டிரெயில். பெக்கோ என்பது தேயிலையின் ஒரு தரத்துக்குப் பெயர். கண்டிக்கு மேலே ஹந்தானையில் பழைய ஃபேக்டரிக் கட்டடத்தில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, கலஹா, பொகவந்தலாவ, அப்புத்தளை, எல்ல என்று மலை முதுகில் வளைந்து வளைந்து நுவரெலியாவில் முடிகிற பாதை. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வார லீவில் மூன்று நான்கு பகுதிகளை நிதானமாக ஓட்டினாலே நிறைவு. நடப்பவர்களை நினைத்துத் திட்டமிட்ட பாதை என்பதால் எல்லா இடத்திலும் சைக்கிள் ஓடாது. படிக்கட்டு வரும், ஒற்றையடிப் பாதை வரும். இறங்கித் தள்ள வேண்டும், சில இடங்களில் தோளில் தூக்க வேண்டும். கௌரவம் பார்த்தால் முழங்கால் போய்விடும்!

இந்தப் பாதைகளில் பெரும்பகுதி சுற்றுலாவுக்காகப் புதிதாகப் போட்டதில்லை. தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்கும், ஃபேக்டரியிலிருந்து ஸ்டேஷனுக்கும் தேயிலை போவதற்காக வெள்ளைக்காரத் துரைகளின் காலத்தில் வெட்டிய தடங்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்னால் அங்கே விளைந்தது காப்பி. இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்ததும் மலை முழுக்கத் தேயிலையானது. காட்டை வெட்டியது, தடம் போட்டது, மூட்டை சுமந்தது எல்லாம் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆசை காட்டிக் கூட்டிப்போன ஜனம். அன்றைய சேலம் ஜில்லாவில்தான் இன்றைய நாமக்கல்லும் திருச்செங்கோடும் இருந்தன. கொங்குப் பக்கத்திலும் 'கண்டிக்குப் போன' ஒரு பெரியப்பாவை இழந்த குடும்பங்கள் இருக்கலாம்.

அப்போது ரயில் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. வழியில் காலரா, காய்ச்சல். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அந்த வருகையின் 200-வது ஆண்டை நினைத்து, 2023 ஜூலை 28-ல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடிந்தது. அந்தப் பழைய வழியில் தங்கள் பாட்டன், பூட்டன் எப்படி வந்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள நடந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

சைக்கிள்காரருக்கு இந்தப் பாதைகளில் மிகவும் பிடித்துப்போகிற இடம், அப்புத்தளைக்கு மேலே இருக்கும் லிப்டன்ஸ் சீட். தாமஸ் லிப்டன் 1890-ல் வாங்கிய தம்பேதன்ன தோட்டம் அது. மலை உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்ப்பாராம். சுமார் 1,970 மீட்டர் உயரம். ஃபேக்டரியிலிருந்து உச்சிக்கு ஏழு கிலோமீட்டர்; ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புது பச்சை. அதிகாலையில் ஏறிவிட வேண்டும். ஒன்பது, பத்து மணி ஆனால் கீழிருந்து மஞ்சு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அப்புறம் லிப்டன் சிலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இறங்குகிற நேரம்தான் சிக்கலான நேரம். ஏழு, ஏழரை மணிக்குத் தோட்டத்தில் வேலை தொடங்கிவிடும். பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் பட்டி மாட்டிய கூடையோ சாக்கோ முதுகில் தொங்க, பெண்கள் அதே பாதையில் மேலே வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் கூட்டமாகக் கீழே இறங்குவார்கள். அப்போது மேலிருந்து முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிள் சத்தமில்லாமல் வந்தால்? டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஓசையே கிடையாது. அதனால் மணி கட்டாயம். விலையுயர்ந்த சைக்கிள்களில் மணி வைப்பதை அசிங்கமாக நினைக்கிறார்கள்; கோவையில் கழற்றி வைத்த மணியை இந்தப் பயணத்துக்காவது மாட்டிக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்ததும் ஒதுங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். முதுகில் சுமை இருப்பவருக்கு மலையோரம். சும்மா வருகிறவர் பள்ளத்தோரம். அது அவர்கள் வேலைக்குப் போகிற ரோடு. மில் சங்குக்கு மிதித்த அந்தக் காலத்து சிங்காநல்லூர் சைக்கிள்களுக்குக் குறுக்கே யாராவது விளையாட்டுக்கு வண்டி விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

போட்டோ விஷயமும் அப்படியே. பச்சைப் புதருக்கு நடுவே சிவப்புச் சேலை, அழகான படம்தான். கேட்டுவிட்டு எடுப்பதற்கு மற்ற நாட்டுக்காரர்களுக்குப் பாஷை இல்லை. கோவைக்காரருக்கு அந்தச் சாக்கு இல்லை. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்றால் முடிந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

பாதையோரத்தில் வரிசையாகத் தகரக் கூரை போட்டவை லயங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காமராவில் ஒரு குடும்பம் என்று கட்டியவை. பல இடங்களில் இன்னும் ஆட்கள் அதில்தான் குடியிருக்கிறார்கள். இந்தியாவின் நிதியுதவியோடு 14,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் போட்டார்கள்; சில தோட்டங்களில் அந்தப் புது வீடுகளும் கண்ணில் படும். லயத்து வாசலில் காய்கிற துணிக்குப் பின்னால் தெரிகிற பள்ளத்தாக்கை ஒரு ரிசார்ட்காரர் விற்றால் ஒரு இரவுக்கு எவ்வளவு வாங்குவார் என்ற நினைப்பு வராமல் போகாது.

மலை எப்போதும் அழகாகவே இருந்துவிடுவதும் இல்லை. அப்புத்தளைக்குத் தெற்கே, கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளை உண்டாக்கி உயிர்களையும் வீடுகளையும் ரோடுகளையும் ரயில் பாதையையும் கொண்டுபோனது. அதனால், 'மேப்பில் பாதை இருக்கிறது' என்பதை மட்டும் நம்பிச் சைக்கிளை விடக் கூடாது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தங்குமிடத்தில் கேட்டு, பிறகு வழியில் இருக்கும் பெட்டிக்கடையிலும் ஒருமுறை கேட்க வேண்டும். மழை கொட்டிய மறுநாள் ஓய்வு நாள். போகிறவர் செலவழிக்கிற பணம் பெரிய ஹோட்டலோடு நின்றுவிடாமல், அந்தப் பெட்டிக்கடை ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீக்கும் கொஞ்சம் போனால், அடிபட்டு எழுகிற ஊருக்கு அதுவும் ஒரு கை.

காலம்? ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மலையகம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வட்டாரம், ஜூலை, ஆகஸ்டிலும் நன்றாக இருக்கும். வறண்ட காற்று வீசுகிற அந்த மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும். ஏப்ரலில் நுவரெலியா ஊட்டி மாதிரி, கூட்டமும் வாடகையும் உச்சத்தில். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்குகிற பெரிய ரோடு பார்க்க ஆசையாக இருக்கும். பஸ்ஸும் லாரியும் விரட்டுகிற இறக்கம் அது, குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்கலாம். அட்டைக்கு பயப்பட வேண்டாம். சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகி, கணுக்காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும். மீதிப் பாதி, அட்டை குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும்!

லிப்டன்ஸ் சீட்டிலிருந்து இறங்குகையில் காலை ஊன்றி நிற்கிறவரைப் பார்த்து, சாக்கைச் சரிசெய்தபடியே யாராவது ஓர் அம்மா கேட்கக்கூடும்: "எங்கயிருந்து வாரீங்க?"

"கோயமுத்தூருங்கம்மா."

அதோடு நிறுத்திவிடாமல், கோத்தகிரிப் பக்கமும் அடிக்கடி சைக்கிள் ஓட்டுவேன் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், அடுத்த கேள்வி ஊரைப் பற்றியதாக இல்லாமல் ஓர் ஆளைப் பற்றியதாக இருக்கலாம். 1970-களில் கப்பலேறிப்போன ஒரு சித்தப்பா, லெட்டர் வருவது நின்றுபோன ஓர் அத்தை. பெயரும் தோட்டமும் சொல்வார்கள். கிளவுஸைக் கழற்றினால்தான் அதைப் போனில் குறித்துக்கொள்ள முடியும்.